ஸ்லைசஸ்.சார்ட்ஃபங்க்-உம் 416 பைட் ஸ்ட்ரக்டும்: புது முறைக்கு மாறியதும் ரிப்போர்ட் மெதுவானது ஏன்?

#1 · எடைமேடை

வணக்கம். எடைமேடைக்கு மென்பொருள் எழுதும் சின்ன குழுவில் வேலை பார்க்கிறேன். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை, இரண்டுக்கும் சேர்த்து ஒரு சீட்டு. மாதக் கடைசியில் ஏறத்தாழ 1,00,000 சீட்டுகளை மெமரியில் ஏற்றி, வெளியேறிய நேரப்படி அடுக்கி ரிப்போர்ட் எடுப்போம். மொழி கோ (Go), பதிப்பு 1.22.

முன்பு அடுக்குவதற்கு கோவின் நூலகத்தில் உள்ள சார்ட்.ஸ்லைஸ் என்ற ஃபங்ஷனை வைத்திருந்தோம். போன வாரம் பழைய நிரலைப் புதுப்பிக்கும் வேலையில் அதை ஸ்லைசஸ்.சார்ட்ஃபங்க் என்று மாற்றினேன். ஜெனரிக் (ஒரே நிரல் எந்த டைப்புக்கும் பொருந்துவது) என்பதால் ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போது டைப்பை விசாரிப்பது) இல்லை, டைப் பாதுகாப்பு உண்டு, வேகமும் கூடும் என்றுதான் எங்கும் படித்திருந்தேன். ஆனால் அடுக்கும் கட்டம் முன்பைவிட மெதுவாகிவிட்டது. மூன்று முறை முன்னும் பின்னும் மாற்றி ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அதே கதை. ஒப்பிடும் ஃபங்ஷனில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: இரண்டு சீட்டுகளின் வெளியேறிய நேரத்தை ஒப்பிட்டுத் திருப்பித் தருகிறது. எங்கே தப்பு?

#2 · கட்டெறும்பு

சீட்டுக்கான ஸ்ட்ரக்ட் (ஃபீல்டுகளின் தொகுப்பு) எவ்வளவு பெருசு? ஸ்லைசில், அதாவது பட்டியலில், இருப்பது சீட்டா, சீட்டுக்கு பாயின்டரா (அதன் முகவரியா)? சிபியு ப்ரொஃபைல் (எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகுதுன்னு காட்டும் கணக்கு) எடுத்து மேலே இருக்கும் நாலு பெயரைப் போடுங்க. அது தெரியாமல் பேசினால் ஜோசியம்தான்.

#3 · எடைமேடை

ஸ்லைசில் இருப்பது சீட்டேதான், பாயின்டர் இல்லை. அளவு கேட்டால் அன்சேஃப்.சைஸ்ஆஃப் 416 பைட் என்கிறது. கணக்கும் பொருந்துகிறது: சீட்டு எண் இன்ட்64, 8 பைட். வண்டி எண் 16 பைட் அர்ரே. உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் டைம்.டைம், ஒவ்வொன்றும் 24. ஓட்டுநர் பெயர் ஸ்டிரிங், 16. நிலை ஒரு பைட்தான், ஆனால் சீரமைப்புக்காக 8 ஆகிவிடுகிறது. மீதி 320-ஐத் தின்பது எடை மாதிரிகள்: வண்டி மேடையில் நின்று நிலைக்கும் வரை எடுக்கும் 40 அளவீடுகள், ஃப்ளோட்64 அர்ரேயாக உள்ளேயே இருக்கிறது.

ப்ரொஃபைலில் முதலிடம் ரன்டைம்.டஃப்காப்பி. அது என்னவென்றே எனக்குத் தெரியாது, நான் அப்படி எதையும் கூப்பிடவில்லை.

#4 · கட்டெறும்பு

நீங்க கூப்பிடலை, மெமரியில் நகலெடுக்க உங்களுக்காக கம்பைலர் கூப்பிடுது. விஷயம் இதுதான்.

சார்ட்ஃபங்க் உங்ககிட்ட கேட்கும் ஒப்பீட்டு ஃபங்ஷனின் வடிவத்தைப் பாருங்க: அ, ஆ இரண்டும் ‘ஈ’ டைப், திருப்புவது இன்ட். ‘ஈ’ இடத்தில் உங்க சீட்டு உட்காருது. கோவில் எந்த ஆர்க்யூமென்டும் மதிப்பாகத்தான் போகும், அதாவது நகல். ஆக ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் முன்னாடி 416 பைட் ஒரு தடவை, இன்னொரு 416 பைட் ஒரு தடவை, மொத்தம் 832 பைட் ஸ்டாக்குக்கு (ஃபங்ஷன் அழைப்புகளின் தற்காலிக மெமரிக்கு) நகலாகுது. அப்புறம் உங்க ஒரு வரி ஃபங்ஷன் உள்ளே போய் இரண்டு நேரத்தை மட்டும் தொட்டுட்டு வெளியே வருது. எடை மாதிரி 40-ம் ஸ்டாக்குக்கு வந்து, யாரும் பார்க்காமலேயே திரும்பிப் போகுது.

1,00,000 உறுப்பு அடுக்க ஒப்பீடு எத்தனை? இரண்டின் அடிமானத்தில் லாக் எடுத்தால் 16.6. அதை 1,00,000-ஆல் பெருக்கி 17 லட்சம்னு வெச்சுக்கலாம். 17 லட்சத்தை 832-ஆல் பெருக்குங்க: 141 கோடி பைட், 1.4 ஜிபி. உங்க மொத்தத் தரவே 41.6 எம்பிதான். ஒப்பீட்டுக்கு உண்மையா தேவைப்படுறது இரண்டு நேரம், 48 பைட், எல்லாத்துக்கும் சேர்த்து 80 எம்பி சொச்சம். மிச்சமெல்லாம் வீண் சுமை.

பழைய சார்ட்.ஸ்லைஸ் என்ன பண்ணுச்சு? அது உங்க ஃபங்ஷனுக்குக் கொடுத்தது ஐ, ஜே என்று இரண்டு இன்டெக்ஸ். நீங்க ஸ்லைசுக்குள்ளே கைவிட்டு அந்த ஃபீல்டை மட்டும் படிச்சீங்க. இடம் மாற்றும்போது அதுவும் முழு ஸ்ட்ரக்டையும்தான் நகர்த்தும், அதுவும் ரிஃப்ளெக்ஷன் வழியா. ஆனா ஒப்பீட்டில் நகலே கிடையாது. அடுக்குறதில் இடமாற்றத்தைவிட ஒப்பீடுதான் அதிகம்.

கேஷ் பக்கமும் பாருங்க. கேஷ் லைன், அதாவது மெமரியிலிருந்து ப்ராசஸர் ஒரே தடவையில் எடுக்கும் துண்டு, 64 பைட். உங்க சீட்டு ஆறரை லைன் நீளம். ஃபீல்டை மட்டும் படிச்சா ஒரு லைன், கூடிப்போனா இரண்டு. முழுசா நகல் எடுத்தா ஏழு, எட்டு. 41.6 எம்பி பெரும்பாலான மெஷினில் எல்2 கேஷுக்குள் அடங்காது, அதனால ஒவ்வொரு லைனுக்கும் தூரம் போய்த்தான் வரணும்.

#5 · பழைய சி ஆள்

டஃப்காப்பி பற்றி ஒரு வார்த்தை. 1983-ல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த டாம் டஃப், நகலெடுக்கும் லூப் ஒன்றை விரித்து எழுதி, ஸ்விட்ச் வழியாக அதன் நடுவில் குதித்து நுழையும் உத்தியைக் கண்டார். கோவின் டஃப்காப்பியும் அதே எண்ணம்தான்: 16 பைட் நகலெடுக்கும் கட்டளைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், வேண்டிய அளவுக்கு ஏற்ப நடுவில் ஓரிடத்தில் குதித்து நுழைவார்கள். 416-ஐ 16-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 26. எடைமேடை நண்பருக்கு அது ப்ரொஃபைலில் தனிப் பெயருடன் தெரிந்தது நல்லதாயிற்று. நகல் வேறு வடிவில், ஃபங்ஷனின் உள்ளேயே விரிந்திருந்தால் சார்ட்டின் கணக்கில் கலந்து மறைந்திருக்கும்.

#6 · முதலாமாண்டு

ஒரு சந்தேகம், தப்பா இருந்தா மன்னிக்கணும். ஜெனரிக் என்றால் ஒவ்வொரு டைப்புக்கும் தனி நிரல் உருவாகும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் கம்பைலருக்கு ‘ஈ’ என்பது சீட்டு என்றும், ஒப்பீட்டு ஃபங்ஷன் ஒரு ஃபீல்டைத்தான் தொடுகிறது என்றும் தெரியுமே? தேவையில்லாத நகலை அதுவே எடுத்துவிடாதா?

#7 · வைகைக்கரை

தப்பே இல்லை தம்பி, இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டு தனி விஷயங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது, கோ ஒவ்வொரு டைப்புக்கும் தனி நிரல் போடுவதில்லை. 2022 மார்ச்சில் 1.18-உடன் ஜெனரிக்ஸ் வந்தபோது அவர்கள் எடுத்த வழி ‘ஷேப்’ வாரியாக நிரல் வார்ப்பது. அடிப்படை டைப் ஒன்றாக இருப்பவை ஒரே ஷேப். பாயின்டர்கள் எல்லாமே, எதற்கு பாயின்டர் என்ற பேதமில்லாமல், ஒரே ஷேப். ஒரே ஷேப்பைப் பல டைப்புகள் பகிர்ந்துகொள்வதால், எந்த டைப்புக்காக ஓடுகிறோம் என்ற தகவல் ‘டிக்ஷனரி’ என்ற மறைவான ஆர்க்யூமென்டாகக் கூடவே போகும். சீட்டு போன்ற ஒரு ஸ்ட்ரக்டுக்கு ஷேப் அதற்கே உரியதாகத்தான் அமையும். ஆகவே சார்ட்ஃபங்க்கின் உடல் 416 பைட் உறுப்புக்கென்றே வார்க்கப்படுகிறது. இதுவரை நீ சொன்னது சரி.

இரண்டாவதில்தான் சிக்கல். ஒப்பீட்டு ஃபங்ஷன் டைப் அல்ல, அது ஓடும்போது வரும் ஒரு மதிப்பு. சார்ட்ஃபங்க்கின் உள்ளே கம்பைலருக்குத் தெரிவது “சீட்டு இரண்டை வாங்கி இன்ட் தரும் ஏதோ ஒன்று” என்பது மட்டுமே. உள்ளே நடக்கும் அடுக்கு வேலையோ பெரியது, அது கூப்பிடும் இடத்தில் இன்லைன் ஆகாது (அதன் உடல் அங்கேயே பதிக்கப்படாது). அதனால் ஒப்பீடு மறைமுக அழைப்பாகவே நிற்கிறது. அழைக்கும் பக்கத்துக்கு அந்தப் பக்கம் எதைத் தொடும் என்று தெரியாது. தெரியாதபோது நகல் முழுதாக எடுத்தே ஆகவேண்டும், ஏனென்றால் வாங்கியவர் தன் ஆர்க்யூமென்டில் எழுதினால் மூலம் மாறக்கூடாது என்பது மொழி கொடுத்த வாக்கு.

அசெம்பிளியை எடுத்துப் பார்த்தால் கண்ணால் காணலாம். கோ பில்டுக்கு ஜிசிஃப்ளாக்ஸில் (கம்பைலருக்கான விருப்பங்களில்) எஸ் கொடுத்துப் பார். ஒப்பீட்டு ஃபங்ஷனில் சில கட்டளைகள்தான் இருக்கும்: ஸ்டாக்கில் ஒரு தொலைவிலிருந்து ஒரு நேரம், இன்னொரு தொலைவிலிருந்து இன்னொரு நேரம், முடிந்தது. அதை அழைக்கும் பக்கத்தில் அழைப்புக்கு முன்னால் இரண்டு பெரிய நகல்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யார் யாருக்காகச் சுமக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். 1.17-இலிருந்து ஆர்க்யூமென்டுகள் ரிஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடங்களில்) போகின்றன, ஏஎம்டி64-ல் முழு எண்களுக்கு 9, ஃப்ளோட்டுக்கு 15. அதனால் சின்ன ஸ்ட்ரக்ட் என்றால் செலவே இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஸ்ட்ரக்டுக்குள் ஒன்றுக்கு மேல் உறுப்பு கொண்ட அர்ரே ஒன்று இருந்தாலே போதும், அந்த ஆர்க்யூமென்ட் முழுவதும் ஸ்டாக்குக்குப் போய்விடும். பாதி ரிஜிஸ்டர், பாதி ஸ்டாக் என்ற பேச்சு கிடையாது. எடைமேடையின் ஸ்ட்ரக்டில் எடை மாதிரிகளை எடுத்துவிட்டாலும் 16 பைட் வண்டி எண் அர்ரேயாக இருக்கும்வரை அது ரிஜிஸ்டரைக் காணாது.

#8 · தேரடி வீதி

ரஸ்ட் மொழியில் இதே வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே சார்ட்_பை ஒப்பீட்டு க்ளோஷருக்கு (பெயரில்லாத ஃபங்ஷனுக்கு) இரண்டு ரெஃபரன்ஸ்தான் தரும். க்ளோஷருக்கே தனி டைப் என்பதால் அதுவும் ஜெனரிக் பாராமீட்டராகி, ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் வார்க்கப்பட்டு, பெரும்பாலும் இன்லைன் ஆகிவிடும். வைகைக்கரை சொன்ன இரண்டாவது சிக்கல் அங்கே பிறப்பதே இல்லை. விலையை வேறு இடத்தில் கொடுக்கிறோம்: கம்பைல் நேரமும் பைனரி அளவும். பெரிய திட்டத்தில் அந்த விலை சின்னதல்ல.

சி++-லும் ஒப்பீட்டுக்கு கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் எழுதுவது வழக்கம். ஆனால் அங்கே அது எழுதுகிறவர் கையில். ஆம்பர்சண்ட் குறியை மறந்து வெறும் டைப்பை எழுதினால் கம்பைலர் வாயே திறக்காது, ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் காப்பி கன்ஸ்ட்ரக்டர் ஓடும். ஸ்ட்ரக்டுக்குள் எஸ்டிடி ஸ்டிரிங் ஒன்று இருந்து அது நீளமாகவும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஹீப் (ஸ்டாக்குக்கு வெளியே உள்ள பொது மெமரி) ஒதுக்கீடு வேறு. அந்த ஒரு குறிக்காக நான் ஒரு முழு நாள் தேடியிருக்கிறேன்.

#9 · பழைய சி ஆள்

சி-யின் க்யூசார்ட்டைப் பழசு என்று ஒதுக்குவார்கள். ஒப்பீட்டுக்கு அது கொடுப்பது இரண்டு வாய்ட் பாயின்டர், அவ்வளவுதான். டைப் பாதுகாப்பு அறவே கிடையாது, ஆனால் உறுப்பு 4 பைட்டோ 4,000 பைட்டோ ஒப்பீட்டின் செலவு ஒன்றே.

உறுப்பை நகர்த்தும் செலவைப் பற்றியும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். சி நூலகமான ஜிலிப்சியின் மெர்ஜ் சார்ட் நிரலைத் திறந்து பாருங்கள்: உறுப்பு 32 பைட்டுக்கு மேல் போனால் உறுப்புகளை அடுக்காது. பாயின்டர்களின் பட்டியல் ஒன்றைச் செய்து அதை அடுக்கும். எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒரே ஒரு முறை உறுப்புகளை உரிய இடத்துக்கு நகர்த்தும். எடைமேடை நண்பர் செய்யவேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

#10 · மேட்டூர்க்காரர்

அப்படியென்றால் சார்ட்ஃபங்க்கின் வடிவமே தவறு என்றுதானே ஆகிறது? ஒப்பீட்டுக்கு ‘ஈ’ கொடுப்பதற்குப் பதில் ‘ஈ’க்கு பாயின்டர் கொடுத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. தரநிலை நூலகத்தில் இப்படி ஒன்றை வைத்துவிட்டு, வேகம் என்று சொல்லி எல்லோரையும் அங்கே தள்ளுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சார்ட்.ஸ்லைஸின் ஆவணத்திலேயே புதியது வேகமாக ஓடும் என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள்.

#11 · கட்டெறும்பு

குறிப்பை முழுசாப் படிங்க, “பல சூழல்களில்” என்று இருக்கு. எல்லாச் சூழலிலும்னு இல்லை. இன்ட், ஸ்டிரிங், நாலஞ்சு மெஷின் வேர்ட் (ஒவ்வொண்ணும் 8 பைட்) அகல ஸ்ட்ரக்ட், பாயின்டர்: நடைமுறையில் அடுக்கப்படுறதில் பெரும்பகுதி இதுதான், அங்கெல்லாம் புதுசு வேகம்தான். ஸ்டிரிங் ஸ்லைஸை அடுக்க ஸ்டிரிங்ஸ்.கம்பேர் என்ற பெயரை அப்படியே கொடுக்கலாம், ஒரு க்ளோஷர்கூட எழுத வேண்டாம். பாயின்டர் கேட்டிருந்தா அந்த வசதி போயிருக்கும், ஒவ்வொருத்தரும் நட்சத்திரக் குறி போட்டு அவிழ்க்கும் சின்ன ஃபங்ஷன் ஒண்ணு எழுதிட்டு இருப்போம்.

எஸ்கேப் பகுப்பாய்வும் இருக்கு. தெரியாத ஃபங்ஷன் ஒண்ணுக்கு பாயின்டர் கொடுத்தா, அது எங்கேயாவது அதைச் சேமிச்சு வைக்கலாம்னு கம்பைலர் எடுத்துக்கணும். அப்போ அந்த மதிப்பு ஸ்டாக்கில் இருக்க முடியாது, ஹீப்புக்குப் போகும். பெரிய ஸ்லைஸ் எப்படியும் ஹீப்பில்தான் இருக்கும், அங்கே நஷ்டமில்லை. பத்து உறுப்பு உள்ள சின்ன ஸ்லைஸை ஸ்டாக்கிலேயே வெச்சு அடுக்குறவங்களுக்கு நஷ்டம்.

#12 · மேட்டூர்க்காரர்

ஸ்டிரிங்ஸ்.கம்பேர் வாதத்தை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பாயின்டர் வாங்கும் இன்னொரு வடிவம் பக்கத்திலேயே இருந்திருக்கலாம் என்ற கருத்தில் மாற்றமில்லை. எடைமேடையைப் போல எத்தனை பேர் காரணம் தெரியாமல் விட்டிருப்பார்கள்?

#13 · அலைபாயும் சுட்டி

இதை நிரலாளர் தலையில் கட்டாமல் கம்பைலரே முடிவெடுக்கும் மொழிகளும் உண்டு. நிம் மொழியில் பாராமீட்டர் மதிப்பு போலத்தான் எழுதுவோம். ஸ்ட்ரக்ட் மூன்று ஃப்ளோட் அளவை, அதாவது 24 பைட்டைத் தாண்டினால் கம்பைலர் சத்தமில்லாமல் பாயின்டராக அனுப்பிவிடும். ஏடாவில் சாதாரண ரெக்கார்டுகளை நகலாக அனுப்புவதா ரெஃபரன்ஸாக அனுப்புவதா என்பதை மொழியின் தரநிலையே கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஜெனரிக்குக்கு இது ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் ஜெனரிக் எழுதுகிறவருக்கு டைப்பின் அளவே தெரியாது. தெரிந்தது கம்பைலருக்கு மட்டும்தான்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. உள்ளே பாயின்டராகப் போனதால், ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு வழியாக மூலத்தை யாராவது மாற்றினால் நம் ‘மதிப்பு’ பாராமீட்டரும் மாறிப்போகும். 24 பைட் இருந்த ஸ்ட்ரக்டில் ஒரு ஃபீல்ட் கூடி 32 ஆனதும் நிரலின் நடத்தையே மாறினால் அந்தப் பிழையை எங்கே போய்த் தேடுவது? கோ நகலைக் கட்டாயமாக்கியிருப்பதற்கு இது வலுவான காரணம் என்றே நினைக்கிறேன்.

சி ஷார்ப்பில் நடுவழி: 7.2-ல் வந்த ‘இன்’ பாராமீட்டர் ரெஃபரன்ஸாகப் போகும், ஆனால் எழுத முடியாது. அங்கேயும் ஸ்ட்ரக்டை ரீட்ஒன்லி என்று அறிவிக்காமல் அதன் மெத்தட் ஒன்றைக் கூப்பிட்டால், மாற்றிவிடுமோ என்ற பயத்தில் கம்பைலர் தற்காப்பு நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளும். நகலைத் தவிர்க்கப் போய் நகலிலேயே வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#14 · எடைமேடை

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை படித்தேன். ஸ்லைஸையே சீட்டு பாயின்டர்களின் ஸ்லைஸாக மாற்றிவிடட்டுமா? ஒப்பீடு 8 பைட், இடமாற்றம் 8 பைட் என்று ஆகிவிடுமே.

#15 · வைகைக்கரை

ஆகும். ஆனால் அதற்காகத் தரவமைப்பையே மாற்ற வேண்டாம். சீட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஹீப்பில் உருவாக்கினால் 1,00,000 ஒதுக்கீடுகள், மெமரியில் சிதறிக் கிடக்கும். அடுக்கிய பிறகு வரிசையாகப் படித்துக்கொண்டு போகும் உங்கள் ரிப்போர்ட் கட்டம் அந்தச் சிதறலுக்கு விலை கொடுக்கும்.

சீட்டுகளை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அவற்றைச் சுட்டும் பாயின்டர் ஸ்லைஸ் ஒன்றைப் பக்கத்தில் செய்து அதை அடுக்கலாம். அதைவிடவும் நல்லது, பாயின்டரே இல்லாமல் செய்வது: அடுக்க வேண்டிய சாவியையும் இன்டெக்ஸையும் மட்டும் ஒரு குட்டி ஸ்ட்ரக்டில் போடுங்கள். சாவி இன்ட்64, இன்டெக்ஸ் இன்ட்32, சீரமைப்போடு 16 பைட். ஒரு லட்சத்துக்கு 1.6 எம்பி, 41.6 எங்கே இது எங்கே! இதில் அர்ரே இல்லை, இரண்டு ஃபீல்டும் முழு எண்கள், ஆகவே ஒப்பீட்டுக்கு இரண்டு உறுப்புகளும் முழுதாக ரிஜிஸ்டரிலேயே போகும். பாயின்டர் இல்லாததால் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியைத் திரும்பப் பெறும் பகுதி) இந்த ஸ்லைஸின் உள்ளே எட்டியும் பார்க்காது. இதற்கு அதே சார்ட்ஃபங்க்கையே பயன்படுத்துங்கள். அது வெல்லும் களம் இது.

பாயின்டரை நோக்கி ஓடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, உங்கள் நிரலுக்கு இது பொருந்தாவிட்டாலும். ஜெனரிக் ஃபங்ஷன் தன் கன்ஸ்ட்ரெயின்டில் ஒரு மெத்தட் கேட்கிறது என்று வையுங்கள். அதற்கு பாயின்டர் டைப்பைக் கொடுத்தால், எல்லா பாயின்டரும் ஒரே ஷேப் என்பதால், மெத்தடை டிக்ஷனரி வழியாகத் தேடித்தான் கூப்பிட வேண்டும், இன்லைனும் ஆகாது. நகலைத் தவிர்த்து மறைமுக அழைப்பை வாங்கிக்கொள்வது போல. எது மலிவு என்பது ஸ்ட்ரக்டின் அளவைப் பொறுத்தது. அளந்துதான் சொல்ல முடியும்.

#16 · முதலாமாண்டு

அக்கா, எந்த அளவு வரைக்கும் மதிப்பாகவே அனுப்பலாம் என்று ஒரு எண் இருக்கிறதா?

#17 · வைகைக்கரை

எல்லா மெஷினுக்கும் பொருந்தும் எண் இல்லை தம்பி. மற்றவர்கள் எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு உணர்வு கிடைக்கும். நிரலைச் சோதிக்கும் கோக்ரிட்டிக் லிண்டரின் ஹ்யூஜ்பாரம் சோதனை இயல்பாக 80 பைட்டில் கொடி காட்டும், ரேஞ்ச் லூப்பில் நகலாவதைச் சொல்லும் சோதனை 128-ல். கோவின் மேப்பே 128 பைட்டைத் தாண்டிய சாவியையோ மதிப்பையோ தன் கட்டத்துக்குள் வைக்காது, பாயின்டராக வெளியே வைத்துவிடும். ஜிலிப்சிக்கு 32, நிம்முக்கு 24 என்று மேலே சொல்லிவிட்டார்கள். உன் நிரலுக்கு எந்த எண் என்பதை பெஞ்ச்மார்க் எழுதிப் பார்த்துத் தெரிந்துகொள். ஒரே ஓட்டத்தை நம்பாதே, பத்துத் தடவை ஓட்டி பெஞ்ச்ஸ்டாட் கருவியில் ஒப்பிடு.

#18 · எடைமேடை

எழுதிவிட்டேன், ஓட்டியும் பார்த்துவிட்டேன். வெளியேறிய நேரத்தை யூனிக்ஸ்நேனோவால் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நேனோ நொடிகள்) இன்ட்64 ஆக்கி சாவியில் வைத்தேன், இன்டெக்ஸோடு அடுக்கினேன். கடைசியில் புது ஸ்லைஸ் ஒன்றுக்கு வரிசைப்படி ஒருமுறை நகலெடுத்தேன். ப்ரொஃபைலில் டஃப்காப்பி கீழே இறங்கிவிட்டது. பழைய சார்ட்.ஸ்லைஸைவிடவும் இது வேகம், சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு விநோதம். இன்னும் மேடையை விட்டு வெளியேறாத வண்டிகள் சில எப்போதும் இருக்கும், அவற்றுக்கு வெளியேறிய நேரம் பதியாமல் வெறுமையாக இருக்கும். முன்பெல்லாம் அவை பட்டியலின் தலையில் வரும். இப்போதும் தலையில்தான் வருகின்றன, ஆனால் அவற்றின் சாவியைத் திரும்ப நேரமாக்கிப் பார்த்தால் ஆண்டு 1754 என்கிறது.

#19 · தேரடி வீதி

யூனிக்ஸ்நேனோ! இன்ட்64-ல் நேனோ நொடியாக அடங்குவது 1678 முதல் 2262 வரையிலான ஆண்டுகள்தான். டைம்.டைமின் வெறுமை மதிப்பு ஆண்டு 1, ஜனவரி 1. அது எல்லைக்கு வெளியே. அப்போது வரும் எண்ணுக்குப் பொருளில்லை என்று ஆவணமே சொல்கிறது. யூனிக்ஸ்மில்லி அல்லது யூனிக்ஸ்மைக்ரோவுக்கு மாற்றுங்கள், ஆண்டு 1 இரண்டிலும் தாராளமாக அடங்கும். ரிப்போர்ட் யார் கைக்கும் போகும் முன் கண்ணில் பட்டதே, நல்லது.

#20 · கட்டெறும்பு

இன்னொண்ணும் சேர்த்துடுங்க. சாவி சமமா இருந்தா இன்டெக்ஸை ஒப்பிடுங்க. சார்ட்ஃபங்க் சம உறுப்புகளின் பழைய வரிசையைக் காப்பாத்தும்னு வாக்கு தரலை. மில்லி நொடிக்கு இறங்கினா சமமா வர வாய்ப்பும் கூடுது, வெளியேறாத வண்டிகள் எல்லாமே ஒண்ணுக்கொண்ணு சமம். இன்டெக்ஸ் எப்படியும் கையில் இருக்கு, ஒரு வரி கூடுதலா எழுதினா வரிசை நிலையா நிக்கும். சார்ட்ஸ்டேபிள்ஃபங்க் பக்கம் போகவே வேண்டாம், அது இடமாற்றம் ரொம்ப அதிகமா செய்யும்.

சாவி இரண்டையும் கழிச்சு இன்ட்டாகத் திருப்பிடாதீங்க, எண் பெருசானா வழிஞ்சு குறி மாறிடும். சிஎம்பி.கம்பேர் இருக்கு.

#21 · எடைமேடை

மூன்றையும் செய்துவிட்டேன். வெறுமை நேரங்களின் சாவி இப்போது ஆண்டு 1 என்றே காட்டுகிறது, அவை தலையிலேயே நிற்கின்றன. இரண்டு முறை ஓட்டி இரண்டு ரிப்போர்ட்டையும் டிஃப் போட்டேன், ஒரு வரிகூட மாறவில்லை.

இந்த இழையைப் படித்த பிறகு எங்கள் நிரலை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ரேஞ்ச் லூப்பில் சீட்டை மாறியாக எடுக்கும் இடங்கள் ஏழு இருந்தன, ஒவ்வொரு சுற்றிலும் 416 பைட். இன்டெக்ஸ் வழியாக மாற்றினேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். நாங்களே எழுதிய ஜெனரிக் ‘வடிகட்டு’ ஒன்று இருக்கிறது: எந்த டைப் ஸ்லைஸும் வாங்கும், ‘டி’ வாங்கி பூல் தரும் ஃபங்ஷன் ஒன்றும் வாங்கும். ஒன்பது இடங்களில் கூப்பிடுகிறோம், அதில் இரண்டு மட்டும் சீட்டுக்கு. இதையும் பாயின்டர் வாங்கும்படி மாற்றவா?

#22 · வைகைக்கரை

மற்ற ஏழு இடங்களும் சின்ன டைப் என்றால் அதைத் தொடாதீர்கள். ‘வடிகட்டுசுட்டி’ என்று இரண்டாவது ஒன்றை எழுதி, சோதிக்கும் ஃபங்ஷனுக்கு உறுப்பின் முகவரியைக் கொடுங்கள். அந்த இரண்டு இடங்கள் மட்டும் இதைக் கூப்பிடட்டும். கருத்துரையில் இரண்டு வரி தெளிவாக எழுதிவையுங்கள்: வந்த பாயின்டரில் எழுதக்கூடாது, அழைப்பு முடிந்த பிறகு எங்கேயும் வைத்துக்கொள்ளக்கூடாது. பிறகு ஸ்லைஸ் அப்பெண்டால் வளர்ந்து இடம் மாறினால், வைத்துக்கொண்ட பாயின்டர் பழைய அர்ரேயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாற்றுவதற்கு முன் ஜிசிஃப்ளாக்ஸில் எம் கொடுத்து, இப்போதுள்ள வடிகட்டு இன்லைன் ஆகிறதா என்று பாருங்கள். ரேஞ்ச் லூப் உள்ள ஃபங்ஷன்களையும் 1.18-இலிருந்து இன்லைன் செய்கிறார்கள், உங்களுடையது சின்னதுதான். ஆனால் இன்லைன் ஆனாலே நகல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அசெம்பிளியில் அந்த வரிக்கு எதிரே நகல் கட்டளை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

#23 · எடைமேடை

பார்த்தேன். இன்லைன் ஆகிறது, நகலும் அப்படியே நிற்கிறது. வடிகட்டுசுட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.